நவராத்திரி ரவிக்கைத் துணியின் சுற்றோட்டம்: ஒரு பணவியல் ஆய்வு

மகாளய அமாவாசை கழிந்ததும், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டுக்குள் வராத ஒரு செலாவணி தமிழ்நாட்டில் புழக்கத்துக்கு வருகிறது. அதன் நீளம் 80 சென்டிமீட்டர். நிறம் கறுப்பாக இருக்காது, வெள்ளையாகவும் இருக்காது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், தேங்காய் ஆகியவற்றின் அடியில் மடிந்து கிடக்கும். கொலு பார்க்க வந்தவர் கிளம்பும் நேரத்தில், "சித்த இருங்கோ, வெத்தலை பாக்கு வாங்கிண்டு போங்கோ" என்ற அறிவிப்புடன் கைமாறும். ரவிக்கை தைத்துக்கொள்வதற்காகக் கொடுக்கப்படும் துணி இது என்ற கருத்து அறிஞர்களிடையேகூட வேரூன்றியிருக்கிறது. அக்கருத்து தவறு. ரவிக்கைத் துணி என்பது துணியே அல்ல, பணம் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் மேற்கு மாம்பலம். ஆண்களுக்கு இந்தச் செலாவணியில் கணக்குத் தொடங்கும் உரிமை கிடையாது. சுண்டல் மட்டும் உண்டு. ஆகவே கூடத்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, தொன்னையைக் கையில் பிடித்தபடி, யார் என்ன வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று கவனிப்பதே ஆய்வு முறையாக அமைந்தது. கொண்டைக்கடலை நாள், பட்டாணி நாள், காராமணி நாள் என எல்லா நாட்களிலும் தரவுகள் திரட்டப்பட்டன. ஆய்வாளரின் வீட்டு பீரோவும் சோதனையிடப்பட்டது. அங்கே கிடைத்த மாதிரிகளின் எண்ணிக்கையை வெளியிட வீட்டு நிர்வாகம் அனுமதி மறுத்துவிட்டது.

இத்துறையில் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் மானிடவியலாளர் ப்ரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. அவர் மாம்பலத்துக்கு வரவில்லை, நியூகினிக்குக் கிழக்கே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளுக்குப் போனார். அங்கே 'குலா' என்றொரு வழக்கத்தைக் கண்டு 1922இல் ஒரு தடித்த நூல் எழுதினார். சிவப்புச் சிப்பி மாலைகள் தீவு தீவாக ஒரு திசையில் போகும். வெள்ளைச் சங்கு வளைகள் எதிர்த்திசையில் வரும். யாரும் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அதிக நாள் வைத்திருப்பவனுக்குக் கெட்ட பெயர். அன்றாட உபயோகம் என்று பார்த்தால் அவற்றால் ஒன்றுமில்லை. ஆனாலும் அவற்றுக்காகத் தீவுக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்துப் படகில் கடல் கடந்தார்கள். மாலை ஆறரை மணிக்கு உஸ்மான் ரோட்டில் ஆட்டோவில் போகும் நம் பெண்மணிகள் எதிர்கொள்ளும் ஆபத்து இதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

துணி எப்போது பணமாயிற்று என்பது முக்கியமான கேள்வி. ஒரு காலத்தில் இது ரவிக்கையாகத்தான் ஆனது. டூ பை டூ ரூபியா துணி கொடுத்தால் அதை வாங்கியவர் தைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சேலையோடு இணைப்பாகவே ரவிக்கைத் துணி வரத் தொடங்கியது. ஐந்தரை மீட்டர் சேலை, முந்தானைக்கோ உள்முனைக்கோ அடுத்தாற்போல் 80 சென்டிமீட்டர் ரவிக்கை. அந்த நாள் முதல் தனியாக வரும் துணிக்கு வேலை போயிற்று. 1971 ஆகஸ்ட் 15ஆம் தேதி அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அறுத்துவிட்டதை உலகமே பேசியது. ரவிக்கைத் துணிக்கும் ரவிக்கைக்கும் இருந்த தொடர்பு அறுந்ததைப் பற்றி ஒரு பத்திரிகையும் தலையங்கம் எழுதவில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். டாலரை நீட்டித் தங்கம் கேட்க முடியாது. பிளவுஸ் பிட்டை நீட்டி ரவிக்கை கேட்க முடியாது.

ஏன் முடியாது? தையல்காரரைக் கேளுங்கள். துணியின் மொத்த விலை ஏறத்தாழ 40 ரூபாய். சென்னையில் அதைத் தைக்கும் கூலி அதைப்போலப் பல மடங்கு. லைனிங் வைத்தால் அதற்குத் தனி. 40 ரூபாய்ப் பொருளை உபயோகிக்க நானூறு ரூபாய் கொடுக்க வேண்டுமென்றால் எந்தக் குடும்பத் தலைவியும் அதை உபயோகிக்க மாட்டார், அடுத்தவருக்குத்தான் கொடுப்பார். போதாக்குறைக்கு நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் இடையே மூன்று வாரம்தான். தீபாவளி முடியும்வரை ஆர்டர் எடுப்பதில்லை என்று தையற்கடையில் கையை விரிக்கும் பருவமும் அதுவே. மேலும், இக்காலத்துக் கைக்கும் கழுத்துக்கும் 80 சென்டிமீட்டர் போதாது, ஒரு மீட்டர் வேண்டும் என்கிறார்கள். ஆக, தைக்க முடியாதபடியே இந்தத் துணி தயாராகிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. நல்ல நாணயத்துக்கு இதுவே இலக்கணம். ரூபாய் நோட்டிலும் யாரும் பட்டம் கட்டி விடுவதில்லை.

இனி சுற்றோட்டத்தின் வேகம். ஒரு பண அலகு ஓராண்டில் எத்தனை கை மாறுகிறது என்பதை இர்விங் ஃபிஷர் 1911இல் தம் சமன்பாட்டில் ஓர் எழுத்தாக வைத்தார். பணத்தின் அளவை அந்த வேகத்தால் பெருக்கினால், விலைமட்டத்தை வியாபார அளவால் பெருக்கியதற்குச் சமம். மாம்பலத்தில் இந்த வேகம் வருடத்தில் ஒன்பது நாள் மின்னல், மற்ற நாட்களில் சீமந்தம், வளைகாப்பு, வரலட்சுமி நோன்பு ஆகியவற்றை ஒட்டி மிதம். 2020இல் கொரோனா காரணமாக யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. வேகம் அடியோடு விழுந்தது. கொலுவை வீடியோ அழைப்பில் காட்டினார்கள். வெற்றிலை பாக்கை வீடியோவில் அனுப்ப வழியில்லை. அந்த ஆண்டு பீரோக்களில் தேங்கிய துணி மறு ஆண்டில் மொத்தமாக வெளிவந்தது. இதற்கு மாறாக 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, முந்தைய மாதத்து நவராத்திரியில் வந்து பீரோவில் அடுக்கியிருந்த ரவிக்கைத் துணிகளின் மதிப்பு ஒரு பைசாகூடக் குறையவில்லை.

துணியின் வயதைக் கண்டறிவது தனிக் கலை. தொல்லியலாருக்குக் கரிமக் கணிப்பு இருப்பதுபோல் இங்கே மடிப்புக் கணிப்பு இருக்கிறது. மடித்து வைத்த துணியின் விளிம்பில் மட்டும் காற்றும் வெளிச்சமும் படும். சாயம் அங்கே முதலில் வெளுக்கும். கோடு எவ்வளவு வெளுப்போ அவ்வளவு வயது. அடுத்த ஆதாரம் மணம். அந்துருண்டை வாசனை என்றால் பீரோவின் அடித்தட்டில் நெடுங்காலம் இருந்தது. சந்தன சோப்பு வாசனை என்றால் சேலைகளுக்கு நடுவே மரியாதையாக இருந்தது. குங்குமக் கறை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட தாம்பாளங்களைப் பார்த்த துணி. அனுபவசாலிகள் இவ்வளவுக்கும் மாற்று வைத்திருக்கிறார்கள். மடிப்பைப் பிரித்து, இஸ்திரி போட்டு, வெளுத்த கோடு உள்ளே போகும்படி திருப்பி மடித்துவிட்டால் எந்த நிபுணராலும் கண்டுபிடிக்க முடியாது. ரிசர்வ் வங்கி அழுக்கு நோட்டைத் திரும்பப் பெற்று அழித்துவிடுகிறது. நம் பெண்கள் பழைய துணியைத் திருப்பி மடித்து மீண்டும் புழங்க விடுகிறார்கள். செலவு எவ்வளவு குறைவு என்பதை வங்கி கவனிக்கலாம்.

கெட்ட நாணயம் நல்ல நாணயத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டும் என்ற விதி, 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வணிகர் தாமஸ் கிரஷாமின் பெயரால் வழங்குகிறது. மாம்பலத்தில் இதற்கு விலக்கே இல்லை. அரக்குச் சிவப்பில், சரிகைக் கரை போட்ட, உண்மையிலேயே பருத்தியான துணி வந்தால் அது அன்றிரவே பீரோவுக்குள் போய்விடும். வெளியே வராது. கிளிப்பச்சை, ஆரஞ்சு, எந்தச் சேலைக்கும் ஒத்துவராத ஒரு கத்தரிப்பூ நிறம் ஆகியவை மட்டும் ஊரைச் சுற்றும். ஆகவே, புழக்கத்தில் இருக்கும் துணிகளைப் பார்த்துத் தமிழ்ப் பெண்களுக்குக் கிளிப்பச்சை பிடிக்கும் என்று முடிவுகட்டும் ஜவுளிக்கடைக்காரர் தவறான பாடம் கற்கிறார்.

தேங்காயின் கதை வேறு. சில்வியோ கெசல் என்றொரு ஜெர்மன் சிந்தனையாளர், பணமும் மற்றப் பொருள்களைப் போல் கெட்டுப்போக வேண்டும், அப்போதுதான் யாரும் அதைப் பதுக்க மாட்டார்கள் என்றார். 1932இல் ஆஸ்திரியாவின் வோர்கல் என்ற சிற்றூர் இதைச் செய்து பார்த்தது. அங்கே அச்சிட்ட நோட்டுக்கு மாதந்தோறும் ஒரு சதவீத மதிப்புக்கு முத்திரை வில்லை ஒட்ட வேண்டும்; ஒட்டாவிட்டால் செல்லாது. ஆகவே கையில் வந்ததும் செலவழித்தார்கள். ஊரில் பாலமும் சாலையும் ஆயின. மறு ஆண்டே மத்திய வங்கி அதை நிறுத்திவிட்டது. கெசலின் கனவுப் பணம் தேங்காய்தான். திங்கட்கிழமை வந்த தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து, தண்ணீர்ச் சத்தம் கேட்டால் செவ்வாய்க்கிழமை கொடுத்துவிடலாம்; சத்தம் குறைந்தால் சட்னி. பதுக்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வருகிற வீட்டுக்கெல்லாம் தேங்காய் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று சிலர் வாழைப்பழத்துக்கு மாறிவிட்டனர். அது மேலும் தீவிரமான கெசல் பணம், மறுநாளே கறுத்துவிடும்.

இப்போது குடும்பக் கணக்குக்கு வருவோம். ஒன்பது நாளில் 40 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். கோடவுன் தெருவுக்குப் போய் மொத்தமாக வாங்கினாலும் துணி 40 ரூபாய் என்றால் 1,600 ரூபாய். அதே வீட்டம்மாள் வெளியே போய் 35 துணி கொண்டுவருகிறார். தெருவில் எல்லாரும் இப்படியே செய்தால், ஒன்பதாம் நாள் இரவில் எல்லார் வீட்டிலும் ஏறத்தாழத் தொடங்கிய அளவே துணி இருக்கும். ஜவுளிக்கடைக்கு மட்டும் பணம் போயிருக்கும். மாறாக, முதல் இரண்டு நாளுக்குப் பத்துத் துணி மட்டும் வாங்கி, மூன்றாம் நாளிலிருந்து வந்ததைக் கொடுத்தால் 400 ரூபாயில் பண்டிகை முடியும். காசோலைகளைத் தங்களுக்குள் நேர்செய்து மிச்சத்துக்கு மட்டும் பணம் கொடுத்துக்கொள்ளும் வங்கிகளின் ஏற்பாடும் இதுவே. வங்கிகள் அதற்குக் கட்டடம் கட்டி ஆள் வைத்தன. இங்கே ஒரு பிளாஸ்டிக் கூடை போதும்.

பரிசு கொடுப்பதே நஷ்டம் என்று வாதிட்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி எழுதினார். யேல் பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்டு, பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்றார். பெறுபவர் அந்த விலை கொடுத்து அதை வாங்கியிருக்க மாட்டார் என்பதே காரணம். அவர் ஆராய்ந்தது, பெற்றவர் தாமே வைத்துக்கொள்ளும் பரிசை. பெற்ற கணத்திலேயே அடுத்தவருக்கென்று ஒதுக்கப்படும் பரிசை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மாம்பலத்தில் யாரும் துணியை விரும்பவில்லை, ஆகவே யாருக்கும் ஏமாற்றமில்லை, ஆகவே நஷ்டமுமில்லை.

இந்த அமைப்புக்கு உள்ள ஒரே பேராபத்து, துணி கொடுத்தவரிடமே திரும்பிப் போவது. இதைத் தவிர்க்க, ஓரத்தில் சின்னதாக, பென்சிலால், கொடுத்தவர் பெயரின் முதலெழுத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படியும் தவறுவதுண்டு. களத்தில் பதிவான ஓர் உரையாடல்:

"ஏண்டிம்மா, இது நான் போன வருஷம் உனக்குக் கொடுத்தது மாதிரின்னா இருக்கு?"

"அப்படியா மாமி? நீங்க சொன்னேளேன்னு அதே கடைலதான் வாங்கினேன்."

ஒரு மத்திய வங்கி ஆளுநர் நெருக்கடி நேரத்தில் இதைவிடத் தெளிவாகப் பேசியதாக ஆய்வாளருக்கு நினைவில்லை.

விளையாட்டாக இல்லாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணவரை இழந்த பெண்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்காமல் சுண்டலோடு அனுப்பும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்தப் பெண்கள் சமையற்கட்டுப் பக்கமாக ஒதுங்கி நிற்பதைத் தாம்பாளம் நீட்டும் எவரும் பார்க்காமல் இருக்க முடியாது. பல வீடுகள் இதைக் கைவிட்டுவிட்டன, மற்றவையும் கைவிடலாம். ஒன்பது நாளும் பெண் தெய்வத்தைப் படியில் வைத்துக்கொண்டு செய்கிற வேலையா இது?

மற்றோர் அச்சுறுத்தல் 'ரிட்டர்ன் கிஃப்ட்' என்ற பெயரில் நுழைந்திருக்கிறது. சணல் பை, உலோக விளக்கு, கண்ணாடிக் கிண்ணம் என்று போட்டி போட்டு விலை ஏறுகிறது. இவை உபயோகமாகின்றன என்பதுதான் சிக்கலே. உபயோகமாகும் பொருளை யாரும் திருப்பி விடுவதில்லை, சுற்றோட்டம் நின்றுவிடும், ஒவ்வொரு வீடும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செலவழிக்க வேண்டும். கொலுப் படி மூன்றாக இருந்தாலும் ஒன்பதாக இருந்தாலும் மாதச் சம்பளம் ஒன்றுதான்.

சுற்றிச் சுற்றி இளைத்த துணிக்கும் ஓய்வு உண்டு. கொலுப் பொம்மைகளைச் சுற்றிப் பரணில் ஏற்றவும், கலசத்துக்குக் கட்டவும், நல்ல துணியில் தைக்கும் ரவிக்கைக்கு லைனிங்காகவும் அது போகிறது. கடைசியாகச் சொன்னதில் அது ரவிக்கையாகவும் ஆகிவிடுகிறது, உள்பக்கமாக.

இவையெல்லாம் கஞ்சத்தனம் என்பாரும் உளர். அவர்கள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுபவர்கள் என்பதைக் களஆய்வு உறுதிசெய்கிறது. வாசகியருக்கு ஒரு வேண்டுகோள். துணியின் ஓரத்தில் பென்சில் எழுத்து தென்பட்டால் அழிக்காதீர்கள். அதன் பக்கத்தில் உங்கள் முதலெழுத்தையும் தேதியையும் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். வருங்கால ஆய்வாளர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.