இன்னும் ஒரு ஆட்டம்

1990 ஜூன் 8 இரவு. டிவி இருந்த வீட்டில் கூட்டம் திண்ணைவரை வந்துவிட்டது. உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினாவை கேமரூன் 1-0 என்று சாய்த்தது. மாரடோனா அணியே தோற்கும் என்றால் நாம் ஏன் ஜெயிக்கக் கூடாது? அந்த நம்பிக்கையோடு இரண்டாம் ஆண்டுக்குள் நுழைந்தோம்.

டெல்டாவில் ஒரு சின்னக் கல்லூரி. ஆட வந்தவர்கள் பதினான்கு பேர், பூட்ஸ் ஒன்பது ஜோடி. நான் கோல்கீப்பர். கோல் போஸ்ட் சவுக்குக் கம்பு, வலை கிடையாது. பந்தில் தையல் விட்டால் பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைக்கும் தாத்தாவிடம் ஓடுவோம். நூலில் மெழுகு தடவி, இழுத்து இழுத்துத் தைத்து, பந்தைத் தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். பிளாடர் பஞ்சரானால் சைக்கிள் கடை. மழையில் ஊறிய அந்தப் பந்தை நெஞ்சில் வாங்கினால் ஒரு நொடி மூச்சு நின்று வரும்.

அந்த வருஷம் ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. கல்லூரிகளுக்கிடையேயான போட்டி நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் 0-5. விடியற்காலை பஸ் ஏறிப் போனவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கே ஊர் திரும்பிவிட்டோம். "அடுத்த மேட்ச் எப்ப சார்?" என்று பி.டி. சாரைக் கேட்டேன். "அடுத்த வருஷம்டா" என்றார். ஆனாலும் அவரே அலைந்து ஐந்து ஊர்க் கோப்பைகளுக்கு எங்கள் பெயரைக் கொடுத்தார். அவையும் நாக்-அவுட்தான். கடைசி ஆட்டத்தில் 1-2. ஐந்து கோல் வாங்கிய அதே அணிதான். ஆட ஆடத்தான் எங்களுக்கு ஆட்டம் பிடிபட்டது. பிடிபட்ட நேரத்தில் சீசன் முடிந்துவிட்டது.

இப்போது என் மகள் கல்லூரி அணியில் கோல்கீப்பர். தமிழக மகளிர் அணி 2018-ல் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனபோது அவள் பள்ளியில் இருந்தாள். பந்தைத் தொட ஆரம்பித்தது அப்போதுதான். அவர்களுக்கு வலை உண்டு, ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் உண்டு. சொந்த அணிக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தை நான் கையில் எடுத்துக் கொஞ்சம் மூச்சு வாங்குவேன். 1992-ல் அந்த விதி மாறிவிட்டது. அவள் காலாலேயே ஆட வேண்டும், அழகாக ஆடுகிறாள்.

மாறாதது ஒன்றுதான். அவர்களுக்கும் போட்டி நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் 0-3. சாயங்காலமே வீட்டில் இருந்தாள்.

எட்டு அணிகள் நாக்-அவுட் ஆடினால் நான்கு அணிகளுக்கு ஒரே ஆட்டம்தான். நான்கு நான்காகப் பிரித்து லீக் வைத்தால், தோற்றாலும் ஜெயித்தாலும் எல்லோருக்கும் மூன்று ஆட்டம். இரண்டு நாள் கூடும், சாப்பாட்டுச் செலவு கூடும், நடுவர் படி கூடும். கூடட்டும். நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு ஆட்டம் எப்படியும் கிடைத்துவிடும். தோற்கிற பிள்ளைகளுக்குத்தான் இன்னும் ஒரு ஆட்டம் வேண்டும்.

பூட்ஸைக் கழுவி ஜன்னலில் காயவைத்துவிட்டு வந்து கேட்டாள்: "அடுத்த மேட்ச் எப்பப்பா?"

அடுத்த வருஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரி பி.டி. சாருக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆட்டம்.