மடித்து வைத்த குழாய்

திருச்செந்தூர் முருகனுக்குப் பூஜை முடிந்த பிறகுதான் கட்டபொம்மன் சோற்றில் கை வைப்பாராம். கோயிலோ அவருடைய பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால். அதனால் வழிநெடுகக் கல்மண்டபம் கட்டி மணி தொங்கவிட்டார்கள். அங்கே அடித்தால் அடுத்த மண்டபத்துக்காரன் கேட்டு அடிக்க, ஓசை பாஞ்சாலங்குறிச்சி வந்து சேரும் என்பது ஊர்ப்பேச்சு. நடுவில் ஒருத்தன் கண்ணசந்தால் பாளையக்காரர் பட்டினி. ஓட்டப்பிடாரம் வட்டாரத்தின் முதல் சவுண்டு சர்வீஸ் அதுதான். வாடகை பாக்கி வைக்காத ஒரே பார்ட்டியும் அவராகத்தான் இருக்கும். வரிப்பாக்கி வேறு கணக்கு.

அடுத்தவர் வ.உ.சி. 1872-இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர். 1908-இல் தூத்துக்குடியில் கூட்டத்துக்குக் கூட்டம் பேசியபோது மைக் கிடையாது. ஜென்சனும் பிரிதாமும் அமெரிக்காவில் குழாய் ஒலிபெருக்கியை ஊருக்குக் காட்டவே 1915 ஆயிற்று. வெறுந்தொண்டைக்கே நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை போட்டார். குழாய் கட்டிப் பேசியிருந்தால் மூன்றாவதும் சேர்ந்திருக்கும்.

பிறகு நமக்கும் குழாய் வந்தது. கோயில் கொடைக்கு வேப்பமரத்தில் கட்டி, 1959-இல் வந்த சிவாஜியின் கட்டபொம்மன் படத்து வசன ரெக்கார்டைப் போட்டால், பக்கத்து ஊரில் பருத்தி எடுப்பவர்களுக்கும் ஜாக்சன் துரை திட்டு வாங்குவது கேட்கும். கரிசலில் சத்தத்தை மறிக்க மலையா, காடா? ஆனால் அரை மீட்டர் வாயுள்ள குழாய் 220 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலைக்கு ஆகாது. சிவாஜியின் நெஞ்சு ரெக்கார்டிலேயே தங்கிவிட, மூக்கு மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. கட்டபொம்மனுக்குத் தீராத ஜலதோஷம் என்று நம்பி வளர்ந்த தலைமுறை நாங்கள்.

இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் என்று ஒன்று இருப்பதே கோவில்பட்டி தியேட்டருக்குப் போய்வந்தவன் சொல்லித்தான் தெரிந்தது. அதன் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். வினை அங்கே ஆரம்பித்தது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். குழாய் அதை ஒழுங்காகத் துப்ப, வாயின் சுற்றளவும் அவ்வளவு வேண்டும். குறுக்கே ஒன்பது அடி. வேப்பமரத்தில் கட்டினால் மரம்தான் தொங்கும்.

பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர் 1940-களிலேயே குழாயை மரப்பெட்டிக்குள் மடித்து, பெட்டியை அறை மூலையில் தள்ளிவிட்டார். மீதிக் குழாய்க்கு இரண்டு சுவரும் தரையும் சம்பளமில்லாமல் வேலை பார்த்தன. கோட்டு மடிப்புக்குள் ‘சுத்தப் புருடா’ என்று பொருள்படும் ஒரு மஞ்சள் பொத்தானைக் குத்தியிருப்பார். யாராவது அளந்துவிட்டால் மடிப்பைத் திருப்பிக் காட்டுவார். நம் மேடைகளுக்கு முன்வரிசையில் உட்கார வைத்திருக்க வேண்டிய மனுஷன்.

எங்கள் ஊர் சவுண்டு சர்வீஸ் அண்ணாச்சி சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் படம் போட்டார்.

“ஆசாரி, ஏழடிக் குழாய இந்தப் பெட்டிக்குள்ள மடிக்கணும். ஒண்ணரையடிக்கு ஒருக்க வாசல் ரெட்டிச்சிக்கிட்டே போகணும்.”

ஆசாரி காதில் செருகிய பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். “இது கந்துவட்டி மாதிரில்லா ஏறுது அண்ணாச்சி!”

முக்கால் இஞ்சு பிளைவுட். மூலைக்கு மூலை ஃபெவிகாலில் மரத்தூளைக் குழைத்து அப்பினார்கள். பதினெட்டு இஞ்சு ஸ்பீக்கரை மாட்டி, மூட்டுக்கு மூட்டு ஊதுபத்தியைக் காட்டினார்கள். புகை வெடுக்கென்று ஆடிய இடத்திலெல்லாம் காற்று கசிவதாக அர்த்தம், இன்னொரு அப்பு. கடைசியில் பார்த்தால் மரத்தைவிடப் பசைதான் அதிகம்.

ஒற்றைப் பெட்டி உறுமவில்லை, முனகியது. வாய் போதாது. நாலைச் செய்து தரையோடு ஒட்டி அடுக்கியதும் நாலு வாயும் ஒரே வாயாகிவிட்டன. அந்த வருஷக் கொடையில் சாமியாடிக்கு முன்னால் கோயில் தகர ஷெட்டுக்கு அருள் வந்தது.

இதற்கிடையே சட்டமும் வந்திருந்தது. 2000-ஆம் ஆண்டு விதிப்படி இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை வாயைத் திறக்கக் கூடாது. போலீஸ் அறிவிப்புகளில் இன்னொன்றும் உண்டு: கூம்பு வடிவ ஒலிபெருக்கி ஆகாது, பெட்டி வடிவம் பரவாயில்லை. ஏட்டையா வந்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“கூம்பு எதுவும் கட்டலையே?”

“கூம்பா? எல்லாம் பெட்டிதான் ஏட்டையா.”

ஊர் கண்டதிலேயே நீளமான கூம்பு, நாலு பங்காக மடிந்து அவர் முழங்கால் பக்கம் உட்கார்ந்திருந்தது. அவர் பிளைவுட்டைத் தட்டிப் பார்த்தார்.

“நல்ல வேலையா இருக்கே, ஆசாரி யாரு? வீட்ல ஒரு கட்டில் செய்யணும்.”