மூணு தண்ணி

கார்த்திகை மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொளத்தூரிலிருந்து நான்கு கறுப்பு மோலிகளைப் பையில் கட்டி வாங்கிவந்து, நேராகச் செடித் தொட்டியில் அவிழ்த்துவிட்டேன். புது மீனை இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஹெல்மெட் போட வேண்டும் என்பதும்தான் தெரியும்.

நான்காம் நாள், ரவையைத் தூவியதுபோல் மோலி மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. கல்லில் போய் முதுகைத் தேய்த்துக்கொண்டன.

"அம்மை போட்டிருக்குடா. தனியாப் படுக்க வை. மருந்து கிருந்துன்னு கொட்டாதே" என்றாள் அம்மா. கையில் வேப்பிலை வேறு.

எம்.எஸ்ஸி. படித்த மகன் வேப்பிலைக்கு அடங்குவானா? மெத்திலீன் புளூ பாட்டிலைத் தொட்டியிலேயே கவிழ்த்தேன்.

"என்னடா, சொட்டு நீலம் போட்டு ஊறவெச்சிருக்கே?"

மருந்து மீனுக்கு மட்டும் என்று நான்தான் நினைத்தேன். மருந்து அப்படி நினைக்கவில்லை. வாலிஸ்னேரியா இலைகள் குழைந்த கீரையாயின. ஃபில்டருக்குள் குடியிருந்து மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியாவும் படுத்துவிட்டது. கரி போட்டுத் தண்ணீரைத் தெளியவைத்தேன். கண்ணாடி மூலையில் பூசிய சிலிக்கான் மட்டும் இன்றைக்கும் நீலம். வருகிறவர்கள் "டிசைனா?" என்கிறார்கள். "ஆமாம்" என்கிறேன். செம்பு கலந்த இன்னொரு மருந்தையும் ஊற்றாமல் விட்டது தொட்டியிலிருந்த இறால் குஞ்சுகள் செய்த புண்ணியம். செம்பு அவற்றுக்கு எமன்.

அதன்பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். இந்தப் புள்ளி ஓர் ஒட்டுண்ணி. மீன் தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதை அண்டாது. தின்று பருத்ததும் உதிர்ந்து மணலில் ஒட்டி, உறைக்குள் நூற்றுக்கணக்காகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து பலிக்கும். மீனே அகப்படாவிட்டால் இரண்டொரு நாளில் பட்டினியில் சாகும். ஆக, மீன்களை மொத்தமாக வெளியேற்றிவிட்டால் செடித் தொட்டிக்கு மருந்தே வேண்டாம்.

இதைத்தானே அம்மா சொன்னாள்? சீக்காளியை மட்டுமல்ல, வீட்டோடு எல்லாரையும் கிளப்ப வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

துணி ஊறவைக்கும் டப்பில் 40 லிட்டர் தண்ணீர், குளோரின் போக்கி, ஹீட்டர், ஏர் பம்ப். 30 டிகிரியில் ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் பம்ப் ஓயக் கூடாது. லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் கல் உப்பை இரண்டு நாளாகப் பிரித்துக் கரைத்தேன். மோலி உப்புத் தண்ணீரிலும் பிழைக்கும் சாதி. செடிக்கு அது ஆகாது. செடிதான் அங்கே இல்லையே! சாம்பாருக்கு உப்பைக் காணோம் என்று மனைவி தேடியபோது நான் டப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் புள்ளிகள் மறைந்தன. வலையை எடுத்தேன்.

"மூணு தண்ணி ஊத்தாம எழுப்புவியா?" என்று தடுத்தாள் அம்மா. படித்ததும் அதுதான்: புள்ளி மறைந்தால் நோய் போனதாக அர்த்தமில்லை, டப்பின் அடியில் இன்னும் உறைகள் இருக்கும். அடியை உறிஞ்சியெடுத்துத் தண்ணீர் மாற்றினேன், எடுத்த அளவுக்கு உப்பும் சேர்த்து. "மொதத் தண்ணி" என்று அம்மா எண்ணினாள்.

பதினாறாம் நாள், மூன்றாம் தண்ணியும் முடிந்து மீன்கள் வீடு திரும்பின. அம்மா தொட்டி மூடியில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். நான் வாய் திறக்கவில்லை. தண்ணீரில் விழாதபடி கொஞ்சம் தள்ளி மட்டும் வைத்தேன்.