விளம்பரம் எங்கே?

கூகுள் விளம்பரத்துக்குப் பணம் கட்டிய வாடிக்கையாளர், தம் சரக்கின் பெயரைத் தாமே நாளெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, "என் விளம்பரம் எங்கே?" என்று முகவரிடம் கேட்பது இத்தொழிலின் நித்திய பூசையாகும். ஒவ்வொரு தேடலின்போதும் ஏலத்தொகையையும் விளம்பரத்தின் தரத்தையும் எடைபோட்டு நொடிக்குள் முடியும் ஏலமே இடத்தைத் தீர்மானிக்கிறது என்பதும், சொடுக்காமலே திரும்பத் திரும்பத் தேடுபவருக்கு அவ்விளம்பரம் காட்டப்படாமல் போகக்கூடும் என்பதும் அவருக்கு விளக்கப்படுகின்றன. தலையாட்டிக் கேட்டபின், சரிபார்ப்பதற்காக அவர் மீண்டும் தேடுகிறார். தேடுபொறி உகப்பாக்கம், அதாவது கட்டணமின்றித் தேடல் முடிவுகளில் மேலேறத் தளத்தைச் சீர்செய்யும் பணி, பலன்தர மாதங்கள் பிடிக்கும் என்றால், "வெள்ளிக்கிழமைக்குள் ஆகாதா?" என்பார். முதலிடத்துக்கு எவரும் உறுதியளிக்க முடியாதென்று கூகுளே எழுதிவைத்திருக்க, உறுதியளிக்கும் முகவர் ஒருவரிடம் அவர் முன்பணத்தோடு போய்ச் சேருகிறார்.