ம்யூட்டில் ஒரு ஞானசபை

மாணவர் தம் அறிவைத் தாமே கட்டிக்கொள்கிறார். ஆசிரியர் சாரம் கட்டிக் கொடுத்தால் போதும். இந்த மகத்தான செய்தியை இணையவழிப் பயிலரங்கில் ஒருவர் இரண்டு மணி நேரம், 64 ஸ்லைடுகளில், ஒரு வரி விடாமல் வாசித்தார். கேட்டவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேராசிரியர்கள். எங்கள் எல்லோரையும் ம்யூட் செய்துவிட்டுத்தான் 'கலந்துரையாடிக் கற்றல்' என்ற தலைப்புக்கே வந்தார். நடுவில் யாருடைய மைக்கோ திறந்துகொள்ள, குக்கர் விசிலடித்தது. அன்று எழுந்த ஒரே மாற்றுக் குரல் அதுதான்.

ஸ்லைடில் விகோட்ஸ்கியின் படமும் இருந்தது. கூட ஒருவர் பேசித் துணைநின்றால் பிள்ளை அடுத்த படி ஏறும் என்று சொன்ன மனிதர். 1934-இல், 37 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். இதையெல்லாம் பார்க்காமல் தப்பித்தார்.

மாலையில் கருத்துப் படிவம் வந்தது. நிரப்பினால்தான் சான்றிதழ். பத்துக்குப் பத்து போட்டேன். பதவி உயர்வுக் கோப்பில் பேசப்போவது அந்தத் தாள்தானே!

வாத்தியார்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்கிறார்கள். ஏன் வராது? 1998-இல் எழுதிய என் நோட்ஸை 2020 ஊரடங்கில் ஸ்கேன் செய்து கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றினேன். பக்க ஓரத்துக் காப்பிக் கறைகூடத் துல்லியமாக விழுந்திருந்தது.

ஒரு படிப்பின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் என்ற அரசு இணையப் பாடத் தளத்தில் படிக்கலாம் என்று 2016-இல் சொன்ன பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), 2021-இல் அதை 40 ஆக்கியது. சரி, சாரம் கட்டுவது யார்? பாதிக் கல்லூரியைத் தோளில் சுமக்கும் கௌரவ விரிவுரையாளர். அவருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுங்கள் என்று 2019-இல் எழுதியதும் அதே யுஜிசிதான். அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அவர் கைக்கு வந்தது அதில் பாதியைத் தாண்டவில்லை. இணைய வகுப்புக்கு டேட்டாவும் அவர் காசு. பெயரில் மட்டும் கௌரவம்!

என்னையும் விட்டுவிட வேண்டாம். அந்த ஊரடங்கில் விலை ஏறினால் தேவை குறையும் என்று நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி சாட்டில் கேட்டாள்: "சார், எங்க ஊர்ல தங்கம் விலை ஏற ஏறத்தானே கடையில கூட்டம் கூடுது?"

"நோட்ஸில் இருக்கு, பாரும்மா" என்று தட்டிவிட்டு அடுத்த பக்கம் போனேன்.

நோட்ஸில் இல்லை.