ஈயம் பூசாத பித்தளை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒரு பித்தளைத் தவலையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கழுத்தோரம் உளியால் வெட்டிய எழுத்துகள் இருக்கும். ஏதோ ஒரு குடும்பத்தின் விலாசம். எந்தப் பெண்ணுக்கோ சீராக வைத்த பாத்திரம் அது. இன்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் வாங்கிப்போய்க் கூடத்தில் வைத்துப் பூ மிதக்க விடுகிறார்கள். அதில் எனக்குக் கோபமில்லை, கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அடுப்பேறிய பாத்திரம். அதில் சமைக்க வேண்டுமென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் வீடு கும்பகோணத்துப் பக்கம். எழுபதுகளில் எங்கள் சமையலறையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பாத்திரம். சோறு வெண்கலப்பானையில். வற்றல் குழம்பு கல்சட்டியில். இறக்கிவைத்த பிறகும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். சாம்பாருக்கு ஈயம் பூசிய பித்தளை. ரசத்துக்கு ஈயச்சொம்பு. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கிறது. புளி பட்டால் களிம்பு ஏறும், குழம்பு கசக்கும், வயிற்றைப் புரட்டும். அதனால்தான் உள்ளே வெள்ளீயப் பூச்சு. ஈயச்சொம்பு முழுக்க வெள்ளீயம். சுமார் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, சொம்பும் பிழைத்திருக்கும். பாட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. “தண்ணி விடாம அடுப்புல வச்சியோ, சொம்பு போச்சு” என்பாள். அடுப்பில் ரசம் நுரை கட்டுகிறவரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள்.

“பாத்திரத்துக்கு ஈயம் பூசறதே!” என்று குரல் வந்தால் தெருவில் பாதி வீடு வாசலுக்கு வந்துவிடும். ஈயம் பூசுகிறவர் வேப்பமரத்தடியில் சின்னதாகக் குழி தோண்டுவார். அதில் கரி போட்டு, தோல் துருத்தியின் மூக்கை மண்ணுக்குள் செருகுவார். துருத்தியை அமுக்குவது கூட வந்த பையனின் வேலை. மணலும் புளியும் போட்டுத் தேய்த்த பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து நெருப்பின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். சரியான பக்குவத்தில் ஒரு சிட்டிகை நவச்சாரம். குபீரென்று வெள்ளைப் புகை எழும், மூக்கில் ஏறும். நாங்கள் இருமிக்கொண்டே இன்னும் கிட்டப் போவோம். ஈயக் குச்சியால் உள்ளே ஒரு தொடு தொடுவார், ஒரு துளி உருகும். கையில் சுருட்டிய பழந்துணியால் ஒரே இழுப்பு. மஞ்சளாக இருந்த பாத்திரம் நம் கண் எதிரில் வெள்ளியாகும். சூடு கூடினால் ஈயம் கருத்துப்போகும், குறைந்தால் ஒட்டாது. அவரிடம் எந்தக் கருவியும் கிடையாது. பாத்திரத்தின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார். கடைசியில் தண்ணீருக்குள் அமுக்குவார். அந்த ‘சுர்ர்’ சத்தத்துக்காகத்தான் நாங்கள் அவ்வளவு நேரம் நின்றது.

சில மாதங்களில் அடியில் மஞ்சள் எட்டிப்பார்க்கும். மறுபடி அவர் வரவேண்டும்.

பிறகு எவர்சில்வர் வந்தது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல எஃகு தேடியபோது அகப்பட்ட துருப்பிடிக்காத இரும்பு, அறுபது எழுபது வருடத்தில் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் நம் சேலம் உருக்காலையே அந்தத் தகட்டை உருட்டத் தொடங்கியது. அம்மா பித்தளையை ஒவ்வொன்றாக எடைக்குப் போட்டாள். அவள் செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். இத்தனை பித்தளையையும் தினம் புளி போட்டுத் தேய்த்தது அவள் கைதான். நகக்கண்ணெல்லாம் கறுத்து, விரல் நுனி வெடித்துக் கிடக்கும். பழமையின் அழகைப் பேசுகிறவர்கள் அந்த விரல்களையும் சேர்த்துப் பேச வேண்டும். எவர்சில்வரில் புளியும் ஊறும், மோரும் இருக்கும். ஒரு அலசலில் வேலை முடியும். அந்த நிம்மதியை அவள் முகத்தில் பார்த்தவள் நான்.

ஆனால் பாத்திரங்களோடு அந்த மனிதரும் தெருவை விட்டுப் போய்விடுவார் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இப்போது என் மகள் பித்தளை வாங்குகிறாள். அவள் பாட்டி, அதாவது என் அம்மா, எடைக்குப் போட்டதைப் போல ஒன்றை, அன்று கிடைத்ததைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து, போன பொங்கலுக்கு வாங்கினாள். ஒரு நாள் போன் செய்தாள். “அம்மா, புளிக்குழம்பு ஒரு மாதிரி கசக்குதும்மா.”

“உள்ள வெள்ளையா இருக்கா, மஞ்சளா இருக்காடி?”

“உள்ளயும் வெளியிலயும் ஒரே தங்க நிறம். நல்லா பளபளன்னு இருக்கு.”

குழம்பைக் கொட்டச் சொன்னேன். பாத்திரம் விற்றவர்கள் ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அலங்காரத்துக்கு என்று விற்றிருந்தால் பரவாயில்லை. சமையலுக்கு என்றுதான் சொல்லி விற்றிருக்கிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பண்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம், அதைப் பிழைக்க வைத்த வேலையைக் கொண்டுவரவில்லை.

தொழில் அடியோடு போய்விடவும் இல்லை. கல்யாண சமையலுக்கு இன்னும் பெரிய பித்தளை அண்டாக்கள் ஏறுகின்றன, அவற்றுக்கு ஈயம் பூசித்தான் ஆகவேண்டும். மகளிடம் சொன்னேன்: பக்கத்தில் இருக்கும் கல்யாண சமையல்காரரைக் கேள், ஆள் தெரியும். பூசுகிறவரிடம், போடுவது வெள்ளீயமா என்று வாய்விட்டுக் கேள். காரீயம் கலந்தால் விஷம். கூலியில் பேரம் பேசாதே. அடியில் மஞ்சள் தெரிந்த அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொண்டு போ.