நாடா வெட்டும் பெருமக்களுக்கு

கண்டியில் கத்தரிக்கோலுக்குப் பஞ்சமில்லை. பேராதனை வீதியில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டினால் போதும். திறந்துவைக்க ஒரு அரசியல்வாதி, மாலைபோட நாலு பேர், உபயகாரரின் பெயர் பொறித்த பளிங்குக் கல். இரண்டு மழைக்குப் பிறகு ஒழுகும் தகரத்தை மாற்றத்தான் ஆளைக் காணோம்.

மென்பொருளுக்கும் இதே சடங்குதான். ஹோட்டல் மண்டபத்தில் ஓரிரவு ஹாக்கத்தான். பற்றீஸ், கோப்பி, ஆளுயரக் காசோலை. விடிந்தால் மண்சரிவு எச்சரிக்கை ஆப் தயார்! ஆறு மாதத்தில் அது அப்டேட் இல்லாமல் செத்துக் கிடக்கும். மலை மட்டும் அப்டேட் ஆகிக்கொண்டே இருக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்நாட்டு மென்பொருள்காரர்கள் தொண்டாக, இராப்பகலாக எழுதியது சஹானா. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, எந்த முகாமுக்கு என்ன தேவை, எல்லாம் அதில் உண்டு. கட்டற்ற நிரல், யாரும் எடுக்கலாம், திருத்தலாம். 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப்பயன் விருது அதற்குத்தான். 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் கைகொடுத்தது. விருதென்றால் எல்லோரும் கைதட்டுவோம். அந்த நிரலைப் பேணும் ஒருவருக்கு மாதச் சம்பளம் என்று சொல்லிப் பாருங்கள், மண்டபமே காலி! 2025 நவம்பரில் தித்வா புயல் கண்டி மலைகளைச் சரித்து, குடும்பம் குடும்பமாகப் புதைத்தது. அதற்குப் பிறகும் நம் பெருமக்கள் கேட்பது ஒன்றே: "புதிதாக என்ன ஆப் செய்யலாம்?"

வெள்ளைக்காரன் திறமென்று நினைக்க வேண்டாம். இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டுப்போட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற நிரல், 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்படும்வரை ஆண்டுக்குப் பெற்ற நன்கொடை சுமார் 2,000 டொலர். முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். அந்தப் பூட்டை நம்பிக் காசு பார்த்த கம்பனிகளின் கணக்கைக் கேட்காதீர்கள், வயிறு எரியும். 2022 தொடக்கத்தில், லொக்4ஜே என்ற நிரலின் ஓட்டை பற்றி 24 மணித்தியாலத்துக்குள் விளக்கம் தரும்படி அமெரிக்காவின் பெருங்கம்பனியொன்று சுவீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு மின்னஞ்சல் போட்டது. அவர் பேணுவது கர்ல் என்ற வேறு நிரல். லொக்4ஜேக்கும் அவருக்கும் எட்டாத தூரம். ஐந்து சதம் கொடுத்ததில்லை, அதட்டல் மட்டும் முதலாளித் தோரணையில்! ஆதரவு ஒப்பந்தம் போடுங்கள், சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்றார் மனிதர். அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

அரசு அலுவலகங்களும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் இப்படிப்பட்ட நிரல்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. கேள்விப்பத்திரத்தில் புதிய கணினிக்கு ஒரு வரி உண்டு, வாகனத்துக்கு உண்டு, திறப்புவிழாச் சிற்றுண்டிக்கும் உண்டு. பராமரிப்பென்றால், "அதுதான் இலவசமாச்சே, தம்பி!"

ஆகவே பெருமக்களே, பராமரிப்புக்கும் விழா எடுங்கள். 2.4.1 பதிப்பு 2.4.2 ஆக மாறும் சுபவேளையில் கண்டிய நடனக்காரர் முன்னே வர, அமைச்சர் குத்துவிளக்கேற்றட்டும். ஒவ்வொரு பிழைதிருத்தத்துக்கும் ஒரு நாடா, ஒரு பளிங்குக் கல். அந்தப் பிழையைத் திருத்திய பிள்ளை வாசலில் நிற்கிறான், பஸ்ஸுக்குக் காசில்லையாம். உள்ளே விடாதீர்கள், குரூப் போட்டோ கெட்டுப்போகும்.